லோவெல் ஹேவர்காம்ப்பின் நாற்காலி

மேடையில் அமர்ந்திருக்கும் நம் விமானிகள் சங்கக் கிளைத் தலைவர் கேப்டன் டுவைட் சோமர்ஸ் அவர்களே, ஜெபம் சொல்லிக் கூட்டத்தைத் தொடங்கிவைத்த ஃபாதர் கெர்ஹார்ட் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் லோவெலின் மனைவி வெர்னா அவர்களே, வேலையில் சேர்ந்த வரிசைப்படி நாற்காலி பிடித்திருக்கும் வாபாஷ் ஏர்லைன்ஸ் விமானிகளே, காபி அண்டாவை விட்டு நகராமல் நிற்கும் என்னைப் போன்ற ஓய்வுபெற்ற கிழவர்களே, பின்சுவரோரம் வேறு சீருடையில் நின்றுகொண்டிருக்கும் நண்பர்களே! எல்லோருக்கும் வணக்கம்.

நான் ஓரின் ப்ரூயிட். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தெரிந்தவர்கள் 'மறுபடியும் இந்த ஆளா' என்று நினைப்பது உங்கள் முகத்திலேயே தெரிகிறது. என்ன செய்வது? இந்தக் கிளையில் யார் போனாலும் மைக்கைக் கொண்டுவந்து என் கையில் திணிக்கிறார்கள். என் முறை வரும்போது பேசுவதற்கு யாராவது மிச்சம் இருப்பார்களா என்பதுதான் இப்போது என் கவலை. களைப்பாக இருக்கிறது நண்பர்களே. உண்மையைச் சொன்னால் ரொம்பவே களைப்பாக இருக்கிறது.

கேப்டன் லோவெல் ஹேவர்காம்ப் அவர்கள் நம்மை விட்டுப் பிரிந்துவிட்டார்கள். 'அவர்கள்' என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். மேடை மரியாதைக்கு அது போதும். வாலிப வயதிலிருந்து 'டேய்' போட்டுக் கூப்பிட்டவனை, படத்துக்குப் பக்கத்தில் பூ வைத்துவிட்டார்கள் என்பதற்காக இன்றைக்குத் திடீரென்று 'அவர்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் கேட்டால் சிரிப்பான். வெர்னா, மன்னித்துவிடு. இனிமேல் அவன் எனக்கு 'அவன்'தான்.

எப்படிப் போனான்? புயலுக்குள் இறக்கினான், எரியும் எஞ்சினோடு இறக்கினான் என்று எத்தனையோ கதைகள் அவனைப் பற்றி உண்டு. ஆனால் போனது அப்படி இல்லை. போன வாரம், ஊழியர்கள் வண்டி நிறுத்தும் இடத்தில், கொட்டும் பனியில், ஒரு கையில் பெட்டியும் இன்னொரு கையில் காபியுமாக, முனையத்துக்குப் போகும் ஊழியர் பேருந்துக்காகக் காத்து நின்றான். பேருந்து வழக்கம்போலத் தாமதம். நின்றவன் அப்படியே சரிந்துவிட்டான். அந்தப் பேருந்து நேரத்துக்கு வரவேண்டும் என்று வருஷக்கணக்காகக் கம்பெனியோடு மல்லுக்கட்டியவனும் அவனேதான்!

இங்கே முதல்முறையாக வந்திருக்கும் உறவினர்கள், இந்தப் பெரிய மனிதர்கள் ஏன் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசை பிசகாமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று யோசித்திருப்பீர்கள். சொல்கிறேன். விமானிக்கு எல்லாமே அவன் வரிசை எண்தான். முதலில் சேர்ந்தவன் முதலில் கேட்பான். எந்த விமானம், எந்த ஊர், கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இருப்போமா இல்லையா, எல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான். ஆள் குறைத்தால் கடைசியில் சேர்ந்தவன் முதலில் வெளியே போவான். ஆனால் வெளியே போனாலும் அவன் பெயர் நம் வரிசையில் இருக்கும். மேலே ஓர் இடம் காலியானால் அவனைத்தான் திரும்பக் கூப்பிட வேண்டும்.

அதனால்தான் நம்மில் ஒருவர் இறந்தால் வரிசைப்படி உட்காருகிறோம். போனவர் நாற்காலியில் அவர் தொப்பியை வைக்கிறோம். கூட்டம் முடியும்போது அவர் எண்ணை வாசித்ததும், அவருக்குக் கீழே இருக்கும் ஒவ்வொருவரும் எழுந்து ஒரு நாற்காலி மேலே நகர்ந்து உட்காருகிறோம். நம் கம்பெனி இரண்டு ஓட்டை விமானங்களோடு தொடங்கிய காலத்திலிருந்து இந்தப் பழக்கம். யார் ஆரம்பித்தார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். முன்பெல்லாம் எல்லோரும் நகர்ந்த பிறகு காலியாகும் கடைசி நாற்காலியில், புதிதாக வேலைக்கு வந்திருக்கும் ஒருவன், காது மடல் சிவக்க, வந்து உட்காருவான். இப்போது உட்கார ஆள் இல்லை. அதனால் கிளைத் தலைவர் போய் அந்தக் கடைசி நாற்காலியை மடக்கி, சுவரில் சாய்த்து வைத்துவிடுகிறார். அந்த மூலையைப் பாருங்கள். சாய்த்து வைத்த நாற்காலிகள் இப்போது ஜன்னலையே மறைக்கின்றன.

லோவெல் எனக்கு அடுத்த எண். என் வாழ்க்கை முழுவதும் அவன் என் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தான். பழைய மூன்று எஞ்சின் 727-இல் நான் துணை விமானியாக வலப்பக்கம் இருந்தபோது, அவன் பின்னால் எஞ்சின் பார்க்கும் மூன்றாவது ஆளாகப் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தான். அந்த விமானத்தின் மூக்கில் காற்று போடும் கூச்சல் இருக்கிறதே, அதில்தான் அவனுக்கு இடது காது மந்தமானது. கூட்டங்களில் அவன் கத்துகிறான், கோபக்காரன் என்று பேசிக்கொண்டீர்கள். கோபம் இல்லை அப்பா! தான் பேசுவது தனக்கே கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நாம் இப்போது அந்த விமானத்தைப் பற்றிப் பேசும்போது கண்ணில் தண்ணீர் வருகிறது. செவ்வாய்க்கிழமை காலை உணவுக்குக் கூடும் ஓய்வுபெற்றவர் கூட்டத்தில் வேறு பேச்சே கிடையாது. அதைப் போல ஒன்று உண்டா, அந்த இரும்பு என்ன இரும்பு, அது மேலே ஏறும் அழகு என்ன அழகு! தனக்கு வேலை இல்லாத வாரங்களில் வந்து உட்காரும் லோவெல் மட்டும் முட்டையை வெட்டிக்கொண்டே கேட்பான்.

"ஏன்யா ஓரின், அந்த ஜன்னல் ஓரத்துல காத்து உள்ள வருமே, ஈரத் துணிய வெச்சு அடைப்பியே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"கால் வெறச்சுப் போயி, இறங்கும்போது என் தோளப் புடிச்சுக்கிட்டு நடந்தியே, அது?"

"அதுவும் இருக்கு."

"அன்னிக்கு அதுக்கு நீ வெச்ச பேரு என்ன? வெர்னா முன்னாடி சொல்ல முடியாத பேரு. இன்னிக்கு என்னடான்னா செத்துப்போன காதலியப் பத்திப் பேசற மாதிரி பேசற. சாப்புடு, ஆறிடப் போகுது."

அவனுக்கும் அந்த விமானம் பிடிக்கும். பிடிக்காமலா அதன் பழைய கைப்பிடி ஒன்றை வாங்கிவந்து கராஜில் வைத்திருந்தான்? ஆனால் பழைய விமானத்தைப் பற்றிப் பேசிப் பேசியே நாம் புதிய விமானத்தைக் கோட்டைவிட்டோம் என்பது அவன் கட்சி. அதைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்தேன்.

ஐம்பது பேர் உட்காரும் சின்ன ஜெட் முதன்முதலில் வந்த வருஷம், இதே மண்டபத்தில் கூட்டம் நடந்தது. கம்பெனி கேட்டது இதுதான்: இந்தச் சின்ன விமானங்கள் உங்கள் தகுதிக்கு ஏற்றவை அல்ல, இவற்றை ஓர் ஒப்பந்தக் கம்பெனி ஓட்டட்டும், பெரிய விமானங்கள் எல்லாம் உங்களுக்கே, சம்பளமும் கூட்டித் தருகிறோம். எவ்வளவு மரியாதையான பேச்சு! நம் தகுதியைப் பற்றி நம்மை விட அவர்களுக்கு எவ்வளவு அக்கறை!

ராய்ஸ் டில்லரி எழுந்தான். லோவெலுக்கு அடுத்த எண்காரன். அதோ, தொப்பிக்குப் பக்கத்து நாற்காலியில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறானே, அவன்தான்.

"அது விமானமாய்யா? பென்சிலுக்கு றெக்க ஒட்டின மாதிரி இருக்கு. நிமிந்து நின்னா தல இடிக்குது. அத ஓட்டவா நாம இத்தன வருஷம் கஷ்டப்பட்டோம்? தாராளமா எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லுங்க!"

மண்டபம் இடிந்து விழும் அளவுக்குச் சிரிப்பு. சிரிப்பு அடங்கியதும் லோவெல் எழுந்தான்.

"ராய்ஸ், டிக்கெட் வாங்கறவன் விமானத்தோட நீளத்த அளந்து பாத்தா வாங்கறான்? வெளில நம்ம பேரு, நம்ம கலரு. அவனுக்கு அது நம்ம விமானம். ஓட்டறவன் மட்டும் ஏன் வேற ஆளு? நம்ம பேரு எழுதின விமானத்த எவன் ஓட்டினாலும் அவன் நம்ம வரிசையில நிக்கணும். ஒரே வரிசை. அவ்வளவுதான் நான் கேக்கறது."

"அந்தப் பொடிப்பசங்களயா நம்ம கூட சேக்கச் சொல்றே?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஆமாய்யா, நீயும் ஒருகாலத்துல பொடிப்பயதான். யாரும் உன்ன வாசல்ல நிறுத்தல."

மீதியைக் கூச்சல் கேட்க விடவில்லை. ஓட்டு எடுத்தோம். லோவெல் பக்கம் கை தூக்கியவர்கள் ஒரு மேஜையைச் சுற்றி உட்காரக்கூடக் காணாது. நானும் கை தூக்கினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோஷம் என்று ராய்ஸ் இன்றுவரை சொல்கிறான்.

பிறகு என்ன ஆனது? சின்ன விமானம் சின்ன ஊருக்கு மட்டும் என்றார்கள். முதலில் டெர்ரே ஹாட் ஊர் நம் கையை விட்டுப் போனது. பிறகு எவன்ஸ்வில் போனது. பிறகு பெரிய ஊர்களும் போயின. நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? விமானிகள் ஓய்வறையில் உட்கார்ந்து எந்தப் பழைய விமானம் சிறந்தது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்! காபி இயந்திரத்துக்கு மேலே மாட்டிய அந்த 727 படத்தைப் பார்த்தபடி எல்லா நாற்காலிகளும் போட்டிருந்தன. ஜன்னல் நம் முதுகுக்குப் பின்னால். ஒருநாள் காலை லோவெல் எல்லோருக்கும் முன்னால் வந்து, எல்லா நாற்காலிகளையும் ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுவிட்டான். வந்தவர்கள் திட்டிக்கொண்டே உட்கார்ந்தார்கள். எதிரே வாயிலுக்கு வாயில் சின்ன ஜெட்கள். எல்லாவற்றிலும் நம் பெயர், எதிலும் நம் ஆள் இல்லை. மறுநாள் யாரோ நாற்காலிகளைப் பழையபடி திருப்பி வைத்துவிட்டார்கள்.

அவன் சின்ன விமானத்தை வெறுத்தான் என்று சொல்லாதீர்கள். அவன் சொந்த ஊருக்குப் பெரிய விமானம் கட்டுப்படியாகாது என்பது அவனுக்குத் தெரியாதா? "விமானம் சின்னதா இருக்கறது தப்பில்ல ஓரின். ஓட்டறவன சின்னவனாக்கி வெச்சிருக்கறதுதான் தப்பு" என்பான். அந்த ஒப்பந்தக் கம்பெனிப் பிள்ளைகள் அறை வாடகைக்கு வழியில்லாமல் ஓய்வறை நாற்காலியிலேயே தூங்குவதைப் பார்த்திருக்கிறான். வெர்னா செய்து தரும் பெர்சிமன் பழப் புட்டிங்கில் பாதி அந்தப் பிள்ளைகளுக்குத்தான் போனது. மீதிப் பாதியை நான் தின்றேன்.

பிறகு நம் கம்பெனியிலேயே ஆள்குறைப்பு வந்தது. வரிசையின் கடைசியில் இருந்தவர்கள் வெளியே போனார்கள். எங்கே போவார்கள் பாவம்? அந்த ஒப்பந்தக் கம்பெனிக்குத்தான். பாதிச் சம்பளத்துக்கு, அதே ஊர்களுக்கு, அதே நிறம் பூசிய விமானத்தில். நம் வரிசையில் பெயர், உடம்பில் வேறு சீருடை! அப்படிப் போனவர்களில் ஒருவர் ட்ரூடி கான்லி. இப்போது நம் காத்திருப்போர் வரிசையில் முதல் பெயர் அவருடையது. அதோ, பின்சுவரோரம் நிற்கிறார். ட்ரூடி, உன்னைப் பற்றிப் பேசப்போகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

விமானி ஊர் போகும்போது இருக்கைகள் நிறைந்திருந்தால், விமானியறையில் இருக்கும் உபரி இருக்கையைக் கேட்பது வழக்கம். யாருடைய விமானமாக இருந்தாலும் சரி. வாசலில் நின்று, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, "கேப்டன், உங்க கூட வரலாமா?" என்று கேட்க வேண்டும். கேப்டன் "வாங்க, இடமிருக்கு" என்பார். எதிரிக் கம்பெனிக்காரனுக்கும் அதுதான் பதில். அதை மறுப்பது விருந்தாளியை வாசலில் நிறுத்திக் கதவைச் சாத்துவதற்குச் சமம். ஆனால் இந்தச் சண்டை முற்றிய காலத்தில் நம்மில் சிலர் அதையும் செய்தோம். ஒப்பந்தக் கம்பெனிச் சீருடையைப் பார்த்தால் இடமில்லை என்று சொல்வது வீரம் என்று நினைத்தோம்.

எல்லோரும் வீட்டுக்குப் போகும் பண்டிகையான நன்றி தெரிவிக்கும் நாளுக்கு முந்தின மத்தியானம். விச்சிட்டா ஊருக்குப் போகும் நம் டிசி-9 விமானம். கேப்டன் ராய்ஸ். ட்ரூடியின் அம்மாவுக்கு மறுநாள் காலை இதய அறுவை சிகிச்சை. விமானத்தில் ஓர் இடமும் இல்லை. அந்த உபரி இருக்கை மட்டும் காலி. அவர் போய் நின்று கேட்டார்.

ராய்ஸ் சீருடையைப் பார்த்தான். முகத்தைப் பார்க்கவில்லை. "மன்னிக்கணும், இடமில்ல" என்றான்.

அதே விமானத்தில் லோவெல் பயணியாகப் போய்க்கொண்டிருந்தான். கலங்கிய கண்ணோடு திரும்பி வந்தவரை நிறுத்தி, "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டான். கேட்டதும் எழுந்து, தன் இருக்கையில் அவரை உட்காரவைத்துவிட்டு, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு விமானியறை வாசலுக்குப் போனான்.

"கேப்டன், உங்க கூட வரலாமா?"

"அட லோவெல்! இதென்னய்யா கேள்வி? வா வா, இடமிருக்கு."

லோவெல் போய் ராய்ஸின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தான். பத்தாயிரம் அடி தாண்டும்வரை விமானியறையில் வேலையைத் தவிர வேறு பேச்சு கூடாது என்பது விதி. எவ்வளவு கோபமாக இருந்தாலும் லோவெல் விதியை மீறுவானா? பத்தாயிரம் தாண்டியது. வாயைத் திறந்தான்.

"ராய்ஸ், இப்ப ஒரு பொண்ண திருப்பி அனுப்பினியே, அது யாருன்னு தெரியுமா?"

"யாரோ அந்தக் கம்பெனிக்காரி. ஏன்?"

"அது ட்ரூடி கான்லிய்யா. நம்ம ஆளு. நம்ம வரிசையில இன்னும் பேரு இருக்கு. இதே டிசி-9-ல உன் வலப்பக்கம் உக்காந்து ஓட்டியிருக்கா. உன் பொண்ணு கல்யாணத்துக்கு வந்து சாப்ட்டுட்டுப் போயிருக்கா. சட்டைய மாத்தினதும் உனக்கு ஆளே அடையாளம் தெரியல. நாளைக்கு அவ அம்மாவுக்கு ஆபரேஷன். இவ்வளவுதான். நீ ஓட்டு."

விச்சிட்டா வந்தது. இறங்கியதும் ராய்ஸ் வாசலில் நின்று இறங்குகிற பயணிகளுக்கு நன்றி சொன்னான். ட்ரூடி வந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தான். பழக்க தோஷம், வந்த வார்த்தை "எங்க கூட பறந்ததுக்கு நன்றி" என்பது!

ட்ரூடி நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "நன்றி கேப்டன். இறக்கும்போது தரையில கொஞ்சம் ஓங்கிப் போட்டீங்க."

சிரியுங்கள், பரவாயில்லை. லோவெலும் இந்த இடத்தில் சிரிப்பான். இந்தக் கதையை எனக்குச் சொன்னது லோவெல் இல்லை. அவன் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னது ராய்ஸ்தான். தன்னை மட்டம் தட்டும் கதையைத் தானே வந்து சொல்ல மனசு வேண்டும். அதனால்தான் அவனை இங்கே எல்லோர் முன்னாலும் இழுக்கிறேன்.

நேற்று வெர்னாவைப் பார்க்கப் போனேன். என்ன பேசவேண்டும் என்று கேட்டேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பாமலே சொன்னாள்.

"அவர நல்லவரு வல்லவருன்னு சொல்ல வேண்டாம் ஓரின். எனக்குத் தெரியும், அவரு எப்படின்னு. குளியலறைக் குழாய இன்னும் சரி பண்ணல. நீ வியாழக்கிழமையப் பத்திப் பேசு."

வெர்னா சொல்லிவிட்டாள், பேசிவிடுகிறேன். வியாழக்கிழமை ஓட்டு. கம்பெனி மறுபடியும் வந்திருக்கிறது. ஒப்பந்தக் கம்பெனி ஓட்டும் விமானத்துக்கு இருக்கும் ஐம்பது இருக்கை வரம்பை எழுபத்தாறாக உயர்த்த வேண்டுமாம். பதிலுக்கு உங்களுக்கெல்லாம் சம்பள உயர்வாம். கூடவே இன்னொரு வரி: இனி ஓய்வினாலோ இறப்பினாலோ காலியாகும் இடத்தை நிரப்பத் தேவையில்லை. டுவைட், நீதானே அவர்களைக் கேட்டாய்? லோவெலின் இடத்துக்கும் இது பொருந்துமா என்று கேட்டாய் அல்லவா? பொருந்தும் என்றார்கள். பனியில் விழுந்த மனிதனை இன்னும் மண்ணுக்குள் வைக்கவில்லை, அதற்குள் பதில் தயார்!

புரிகிறதா நண்பர்களே? நீங்கள் வேண்டாம் என்று ஓட்டுப் போட்டால், லோவெல் போன இடத்துக்கு ட்ரூடியைக் கூப்பிட்டே ஆக வேண்டும். சரி என்று ஓட்டுப் போட்டால் அந்த இடம் அவனோடு போய்விடும். அடுத்து டிசி-9 போகும். அடுத்து நீங்கள் போவீர்கள், இங்கே இன்னொரு கூட்டம் நடக்கும், இன்னொரு நாற்காலி மூலைக்குப் போகும். பிறகு யாரோ நாலு பேர் காலை உணவுக்குக் கூடி, டிசி-9 போல ஒன்று உண்டா, அது ஏறும் அழகு என்ன அழகு என்று கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். எனக்கு அந்தப் பேச்சு அலுத்துவிட்டது. உங்களுக்கு அலுக்கவில்லையா?

உங்களைத் திட்ட எனக்குத் தெம்பு இல்லை. எனக்கும் வீட்டுக் கடன் இருந்தது, பிள்ளைகள் கல்லூரியில் படித்தார்கள், சம்பள உயர்வு என்றால் என்ன என்று எனக்கும் தெரியும். நீங்கள் கெட்டவர்கள் இல்லை. அன்றைக்குச் சிரித்தவர்களும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் லோவெல் தோற்றுத் தோற்று ஒவ்வொரு முறையும் எழுந்து அதே இரண்டு வார்த்தையைச் சொன்னான். 'ஒரே வரிசை.' அடுத்த கூட்டத்தில் மறுபடி எழுந்து கத்தினான். அவனுக்கு அலுக்கவில்லையா? அலுத்தது. காரில் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொள்வான். நான் பார்த்திருக்கிறேன். "போதும்டா, விட்டுடு" என்று நானே சொல்லியிருக்கிறேன். "விட்டுட்டு என்ன பண்றது, மீன் புடிக்கவா? எனக்கு மீனும் மாட்டாது" என்பான்.

லோவெல், நீ கேட்கிறாயோ இல்லையோ, நல்ல காதுப் பக்கமாகவே சொல்கிறேன். எனக்கு இங்கே ஓட்டு இல்லை. நான் ஓய்வு பெற்றபோது என் எண் உனக்கு வந்துவிட்டது, எனக்கென்று நாற்காலியும் இல்லை. ஆனால் வாசலில் நிற்க யார் என்னைத் தடுப்பார்கள்? வியாழக்கிழமை காலையில் இந்த மண்டபத்து வாசலில் நிற்பேன். உள்ளே போகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, பின்னால் நிற்கிற இந்தப் பிள்ளைகளின் பெயர்களைச் சொல்வேன். தோற்றால் அடுத்த ஓட்டுக்கு வருவேன். நடக்க முடிகிறவரை வருவேன். உன்னைப் போலக் கத்த எனக்கு வராது. மெதுவாகச் சொல்வேன், திரும்பத் திரும்பச் சொல்வேன்.

இப்போது எல்லோரும் எழுந்திருங்கள். வாபாஷ் ஏர்லைன்ஸ், வரிசை எண் பதினேழு, கேப்டன் லோவெல் ஹேவர்காம்ப். பணி முடிந்தது.

ராய்ஸ், தொப்பியை எடு. வெர்னாவின் கையில் கொடு. சரி. மற்றவர்கள் ஒவ்வொருவராக நகருங்கள். மெதுவாக, காலை மிதிக்காமல். கடைசி வரிசை, நகர்ந்தாயிற்றா? நல்லது.

ராய்ஸ், நீ ஏன் இன்னும் நிற்கிறாய்? உன் நாற்காலி அது, உட்கார். எங்கே போகிறாய்? டுவைட், அவனுக்கு வழி விடு. மடக்க வந்த கையை எடு, அந்த நாற்காலி அப்படியே இருக்கட்டும்.

ராய்ஸ், உன் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு ட்ரூடியிடம் ஏதோ சொல்கிறாயே, இந்தப் பக்கம் பாதிப் பேருக்குக் காது மந்தம். உரக்கச் சொல்லப்பா.

"வாங்க கேப்டன். இடமிருக்கு."

கேட்டது. இப்போது எல்லோருக்கும் கேட்டது. வியாழக்கிழமை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கு வா ட்ரூடி, வந்து உட்கார். நாற்காலி இன்னும் சூடாகத்தான் இருக்கும். ஆனால் கடைசி நாற்காலியில் புதிதாக ஒருவர் வந்து உட்கார்ந்து ரொம்ப நாளாயிற்று.